என் மனைவி தூசு பார்க்கிறாள்

1

எங்கள் ஊரில் கலியாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் தன் சட்டை சாரன்களை எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவார். காத்தான்குடியில் என்னோடு படித்தவர்கள் எல்லாரும் அடுத்த ஒழுங்கைக்கோ அதற்கடுத்த ஒழுங்கைக்கோ போனார்கள். நான் போன பெண் வீடு ஜேர்மனியில் இருந்தது. இந்தக் கிழமையோடு நான் இங்கே வந்து பத்து வருடம் ஆகிறது. அதைக் கொண்டாட நேற்று வட்டிலப்பம் செய்தோம். கித்துள் கருப்பட்டி கிடைக்காததால் வேறு எதையோ போட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

கலியாணப் பேச்சு வந்தபோது என் மனைவி ரிஸ்மியா ஏற்கனவே இங்கே ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தாள். பேச்சைக் கொண்டுவந்த உறவுக்காரர் எங்கள் உம்மாவிடம் புள்ள ஜேர்மனியில் தூசு படிக்கிறது என்று சொன்னாராம். எங்களுக்கு வாப்பா காலத்துக்கு முன்பிருந்தே புடவைக் கடை. உம்மாவின் காதில் அது துணி என்று விழுந்தது. நெசவு படித்த மருமகள் வருகிறாள் என்ற சந்தோசத்தில் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் ஓம், சம்மதம் என்று சொல்லிவிட்டார். கலியாண விருந்து நடக்கும்போதுதான் அவருக்கு விசயம் தெரிந்தது. வானத்தில் நட்சத்திரங்களைச் சுற்றிக் கிடக்கிற தூசு என்ன பொருளால் ஆனது என்று கண்டுபிடிப்பதுதான் பெண்ணின் படிப்பு. உம்மா ரிஸ்மியாவின் தட்டில் இன்னுமொரு இறைச்சித் துண்டை வைத்தார். கடைக்கு வருகிற தமிழ் ஆசிரியர் ஒருவர், பழைய தமிழில் தூசு என்றால் துணிதான் என்று பின்னொரு நாள் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து, தான் சரியாகத்தான் கேட்டேன் என்பது உம்மாவின் கட்சி.

2

நான் இந்த நகரத்தில் ட்ராம் ஓட்டுகிறேன். புடவைக் கடையில் பத்து நிறத்தை விரித்துக் காட்டி ஒன்றை விற்ற எனக்கு, தண்டவாளம் போகிற பக்கம் மட்டும் போகிற இந்த வேலை முதலில் ஓய்வு போலத் தெரிந்தது. இப்போது உண்மையாகவே பிடித்திருக்கிறது. என் வழித்தடம் ரிஸ்மியாவின் ஆய்வுகூடத்தைத் தாண்டித்தான் போகும். இரண்டாம் மாடியில் அவளுடைய சன்னல். அங்கே நிற்கிறாளா என்று பார்ப்பேன். அநேகமாக நிற்கமாட்டாள்.

வேலைக்குத் தேவையான மொழி எனக்கு வரும். கதவை மறிக்காதீர்கள், பாதை மூடப்பட்டிருக்கிறது, அடுத்த வண்டி பின்னால் வருகிறது. இதைத் தாண்டினால் வழுக்கும். இந்த வருடம் நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். முதல் சந்திப்புக்கு நான் தனியாகப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மிகவும் பொறுமையானவர். உங்கள் மனைவி என்ன செய்கிறார் என்று கேட்டார். தூசை ஆராய்கிறார் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆராய்கிறார் என்ற சொல் அந்த நேரம் வரவில்லை. கையால் காட்டி, தூசை எடுக்கிறார் என்றேன். அவர் அன்போடு தலையாட்டி எழுதிக்கொண்டார்.

சில கிழமைகள் கழித்துக் கடிதம் வந்தது. கணவர் சொன்னபடி மனைவி துப்புரவுப் பணியாளர், சம்பளச் சான்றின்படி ஆராய்ச்சியாளர், தயவுசெய்து நேரில் வந்து விளக்கவும். எனக்கு வெட்கமாகிவிட்டது. ரிஸ்மியா அதைப் படித்துவிட்டு, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

மகள் ஹனா ஓடிவந்து என்னவென்று கேட்டாள். கேட்டது ஜேர்மன் மொழியில். நாங்கள் தமிழில் சொன்னோம், அவள் ஜேர்மனில் சிரித்தாள். எங்கள் வீட்டில் எல்லாமே இப்படித்தான் நடக்கிறது. அவளுக்கு எட்டு வயது. தமிழ் நன்றாக விளங்கும், ஆனால் திருப்பிப் பேசமாட்டாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்து வளைகிறது என்று அழுது, பாதியில் நிறுத்திவிட்டாள். காத்தான்குடியிலிருந்து மாமி, அதாவது ரிஸ்மியாவின் உம்மா, அழைத்தால் ஸலாம் சொல்லிவிட்டுத் தொலைபேசியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவாள்.

3

விளக்கம் கொடுக்க இரண்டு பேரும் போனோம். அதே பெண்தான் இருந்தார். ரிஸ்மியா தன் வேலையைச் சொன்னதும் அவர் பேனாவை வைத்துவிட்டார். அவ்வளவு தூரத்துக்கு யாரும் போனதில்லை, ஒரு பிடி எடுத்து வந்ததுமில்லை, பிறகு எப்படி அது என்னவென்று சொல்கிறீர்கள் என்று கேட்டார். இந்தக் கேள்வியை ஊரில் என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நான் மழுப்பியிருக்கிறேன். ரிஸ்மியா அன்று சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அடுப்பை அணைத்த பிறகும் பக்கத்தில் கை வைத்தால் சூடு தெரியும். நெருப்பைக் காணோம், ஆனால் ஏதோ வருகிறது. அது கண்ணுக்குத் தெரியாத ஒளி. அகச்சிவப்பு என்பது அதைத்தான். தூசுக்குள் இருக்கிற அணுக்கள் சும்மா இருப்பதில்லை, ஆடிக்கொண்டே இருக்கின்றன. கல்லிலும் மண்ணிலும் இருக்கிற பொருளைத்தான் கனியம் என்கிறார்கள்; எந்தக் கனியம் என்பதைப் பொறுத்து அந்த ஆட்டம் மாறும். அதனால் ஒவ்வொரு கனியமும் அகச்சிவப்பில் தனக்கென்று சில அலைநீளங்களில்தான் கூடுதலாக ஒளிரும். தொலைநோக்கி பிடிக்கிற ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துக் கோடாக வரைந்தால், அந்த இடங்களில் மேடுகள் தெரியும். ஆனால் ஒரு மேடு எந்தக் கனியத்துடையது என்பதை மேடே சொல்லாது. அதற்கு இங்கே பூமியில் ஒருவர் அந்தக் கனியத்தைச் செய்து, அரைத்து, குளிரவைத்து, அதன் கோட்டையும் வரைந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

"அந்த ஒருவர் நான்தான்" என்றாள் ரிஸ்மியா.

அந்தப் பெண் பக்கத்து அறையில் இருந்த சகஊழியரைக் கூப்பிட்டார். அவருக்கும் ஒருமுறை சொல்லவேண்டி வந்தது. வெளியில் வரிசை நீண்டுகொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கச்சேரி அலுவலகத்தில் இப்படி நடந்திருந்தால் சனம் கதவைத் தட்டியிருக்கும். கடைசியில் அந்தப் பெண் துப்புரவு என்ற சொல்லை வெட்டிவிட்டு, எதை எழுதுவது என்று எங்களிடமே கேட்டார். பிறகு இன்னொன்றும் சொன்னார். ரிஸ்மியாவின் வேலை ஒப்பந்தம் இந்த வருடக் கடைசியில் முடிகிறது, அது நீடிக்கப்பட்டால்தான் விண்ணப்பம் முன்னால் போகும். அது எங்களுக்கும் தெரிந்த விசயம்தான்.

4

ஒப்பந்தம் நீடிக்க ஒரு வானியலாளரின் பரிந்துரை வேண்டும். அவர் வேறு நகரத்தில் இருக்கிறார். வயதானவர், பெரிய பெயர், கறாரான பெண்மணி. முன்பு விண்வெளியில் இருந்த தொலைநோக்கி ஒன்று பதிந்துவைத்த தரவில், ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிய தூசை அவர் ஆராய்ந்திருந்தார். அது ஒலிவின் என்ற கனியம், இரும்பே கலக்காதது, கொஞ்சம் சூடானது, ஆகவே நட்சத்திரத்துக்குக் கிட்ட இருக்கிறது என்பது அவர் முடிவு.

ரிஸ்மியாவுக்கு அது சரியென்று படவில்லை. ஒலிவினுக்குத் தூர அகச்சிவப்பில் ஒரு மேடு உண்டு. தூசு சூடானால் அந்த மேடு நீண்ட அலைநீளப் பக்கம் நகரும். கொஞ்சம் இரும்பு கலந்தாலும் அதே பக்கம்தான் நகரும். ஆகவே மேடு நகர்ந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால், காரணம் சூடா இரும்பா என்று சொல்லமுடியாது. ஆனால் சூட்டினால் நகர்ந்த மேடு அகன்று போயிருக்கும். இந்த நட்சத்திரத்தின் மேடு ஒடுக்கமாக இருந்தது. அப்படியானால் தூசு குளிரானது, தூரத்தில் இருக்கிறது, அதில் கொஞ்சம் இரும்பும் இருக்கிறது. அந்தத் தூசு எங்கே, எப்படி உண்டானது என்ற கதையே மாறிவிடும்.

சொல்வதற்கு ஆதாரம் வேண்டும். அந்த அளவு இரும்பு கலந்த ஒலிவினை அந்த அளவு குளிரில் யாரும் அளந்ததாக அவளுக்குத் தெரியவில்லை. அவளேதான் செய்யவேண்டும்.

பரிந்துரை தரவேண்டிய ஆளையே பிழை என்று சொல்லப்போகிறாய், ஒப்பந்தம் கையில் வந்த பிறகு சொன்னால் என்ன என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. மேசையில் இருந்த சோற்றுப் பருக்கைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மச்சான், நீங்க கடையில நிக்கக்குள்ள சாயம் போற துணியை வித்திருப்பீங்களா?"

"இல்ல."

"அப்ப என்னட்ட மட்டும் ஏன் அப்பிடிச் செய்யெண்டு செல்றீங்க?"

நான் தட்டுகளை எடுத்துக் கழுவப் போனேன்.

முதல் தடவை உலையிலிருந்து எடுத்தது பழுப்பாக இருந்தது. காற்று பட்டு இரும்பு துருவின் பக்கம் போய்விட்டது, இது வேறு பொருள் என்றாள். அடுத்த தடவையும் பழுப்பு. உலைக்குள் விடுகிற வாயுவின் அளவை மாற்றினாள். ஒரு நாள் பின்னேரம் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். வெள்ளைக் கடதாசியில் ஒரு சிட்டிகைத் தூள், வெளிர் பச்சை. எங்கள் ஊரில் கடல் நீர் உள்ளே வந்து நிற்கிற களப்பின் கரையோரத்தில் வெயில் விழும்போது தண்ணீர் அந்த நிறத்தில் இருக்கும். படத்துக்குக் கீழே ஒரு சொல்லும் இல்லை. நான் அதை உம்மாவுக்கும் மாமிக்கும் அனுப்பினேன். மாமி, இது கண்ணுக்குப் போடுகிற மையா என்று கேட்டிருந்தார்.

5

அந்தத் தூளைப் பொலித்தீன் தூளோடு கலந்து வில்லையாக அழுத்தி, திரவ ஹீலியத்தால் குளிரூட்டி அளந்தார்கள். அளவெடுத்த அன்று எனக்குப் பகல் வேலை. காலையில் அவள் ஒன்றும் சாப்பிடாமல் போனாள். ஹனாவின் தலையைப் பின்னும்போது ஒரு பக்கத்தைத் தளர்வாக விட்டுவிட்டாள். அதை நான் அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன்.

மத்தியானம் தாண்டி, ஆய்வுகூடத்துத் தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்தினேன். அவள் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளை மேலங்கியைக் கழற்றக்கூட இல்லை. முன் கதவால் ஏறி, எனக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். சாரதியோடு பேசக்கூடாது என்று எங்கள் வண்டிகளில் எழுதியிருக்கிறது. அவள் சட்டத்தை மதிக்கிறவள், ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. மேலே இருக்கிற கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு இருக்கிறாளா, அழுகையை அடக்கிக்கொண்டு இருக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. ஆற்றுப்பாலம், சந்தை, ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு தரிப்பிடமாகச் சனம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. என் வாழ்க்கையில் அந்த வழி அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

கடைசித் தரிப்பிடத்தில் எல்லாரும் இறங்கினார்கள். நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

"மச்சான், பொருந்திட்டு" என்றாள். "ஒண்டுக்கு மேல ஒண்டு வச்ச மாதிரி இருக்கு. இரும்பு இருக்கு. குளிர்தான்."

"நல்லாப் பாத்தியா புள்ள?"

"எல்லாரும் பாத்தாங்க. மேட்டின்ட வால்பக்கம் மட்டும் கொஞ்சம் ஒத்துவரல்ல. அது ஏனெண்டு தெரியா. தெரியாது எண்டே எழுதுவன்."

திரும்பிப் புறப்பட எனக்குச் சில நிமிடங்கள் இருந்தன. அங்கே ரொட்டி வகைகள் விற்கிற ஒரு பாண் கடை உண்டு. சீனி தூவிய பனிஸ் வாங்கிக் கொடுத்தேன். மேலங்கியில் சீனி கொட்டக் கொட்டச் சாப்பிட்டாள். திரும்புகிற வழி முழுக்க முதல் இருக்கையில் இருந்து சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வண்டியில் ஏறிய ஒரு கிழவர், வேலைநேரத்தில் ஊர் சுற்றுகிற டொக்டர் என்று நினைத்திருப்பார்.

6

வானியலாளரிடம் சொல்வது மிச்சம் இருந்தது. ரிஸ்மியா கடிதம் எழுதினாள். எழுதியது ஒரு பக்கம், அழித்தது பத்துப் பக்கம். பதில் வரவில்லை. அடுத்த கிழமை அவரே ரயிலேறி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது ரிஸ்மியா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் குளிருக்குப் போட்ட மேலங்கியைக்கூடக் கழற்றாமல் இரண்டு கோடுகளையும் பார்த்தார். வில்லையில் எவ்வளவு தூள், எப்படி அரைத்தாய், குளிர் எவ்வளவு என்று எப்படி உறுதிப்படுத்தினாய், எல்லாம் கேட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கேள்விதான். பிறகு அந்தப் பச்சைத் தூளைப் பார்க்கவேண்டும் என்றார். சிறு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடமாக ஒலிவினைக் கோடாகத்தான் பார்த்துவந்தேன், அதன் நிறத்தைப் பற்றி நினைத்ததே இல்லை என்றாராம். நான் எழுதியது பிழை, நீ எழுது, என் பெயரை உனக்குப் பின்னால் போடு என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். ரிஸ்மியா அவரை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். நான் அவசரத்துக்குப் புளியாணமும் மீன் பொரியலும் வைத்தேன். மூக்கில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார்.

ஒப்பந்தம் நீடிக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்த அன்றே ஊருக்கு விமானச் சீட்டு எடுத்தோம்.

7

காத்தான்குடியில் ரிஸ்மியா படித்த பெண்கள் பாடசாலையில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். மாமி ஒழுங்கை முழுக்கச் சொல்லி, கூட்டத்தில் பாதியை அவரே சேர்த்துவிட்டார். நான் கடைசி வரிசையில் ஹனாவோடு இருந்தேன். கேள்வி நேரத்தில் சப்னா என்ற பிள்ளை எழும்பினாள். ஹனாவைவிட இரண்டு வயது மூப்பாக இருப்பாள்.

"மிஸ், எங்கட ஊர்த் தூசைத் தந்தா அதையும் பாத்து என்னெண்டு செல்லுவீங்களா?"

ஓம் என்று ரிஸ்மியா யோசிக்காமல் சொல்லிவிட்டாள். அடுத்த நாள் காலையில் மாமியின் வாசலில் ஒரு வகுப்பே நின்றது. செங்கல் தூள், கரும்பலகைச் சோக்குத் தூள், சிப்பிச் சுண்ணாம்பு, துருப்பிடித்த தகரத்தில் சுரண்டியது, மர ஆலையில் அள்ளியது. ஒருத்தி போத்தலில் களப்புச் சேறு கொண்டுவந்திருந்தாள். வெளிநாட்டிலிருந்து மண்ணோ சேறோ கொண்டுபோக அங்கே விடமாட்டார்கள் என்று ரிஸ்மியா விளக்கினாள். அந்தப் பிள்ளையின் முகம் வாடியதைப் பார்த்து, இரால் தோலைக் காயவைத்து அரைத்துத் தா என்றாள். சப்னா ஒரு கடதாசிச் சரையைத் திறந்து காட்டினாள். சாம்பல். அவர்கள் வீட்டில் உமி அடுப்பு.

சரைகளில் பெயர் எழுதவேண்டும். ரிஸ்மியா பேனாவை ஹனாவிடம் கொடுத்தாள். பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஹனா ஜேர்மன் எழுத்தில் எழுதினாள். சப்னா எட்டிப் பார்த்துவிட்டு, இதை எங்களுக்கு வாசிக்கத் தெரியாது, மாறிப்போனால் என்ன செய்வது என்றாள். ஹனா என்னைப் பார்த்தாள். நான் கூரை முகட்டைப் பார்த்தேன். அவள் புதிய கடதாசி ஒன்றை எடுத்தாள். சகர வரிசையில் தடுமாறினாள். சப்னா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காலை இப்பிடி இழு என்று விரலால் தரையில் காட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் இரண்டு பேரும் எழும்பவில்லை. பின்னேரம் ஹனா தன் உம்மும்மாவான மாமியிடம் போய், எனக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி தாங்க என்று முழுசாகத் தமிழில் கேட்டாள். மாமி ஒன்றும் நடக்காதது போல ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுக்களைக்குள் வந்து என் கையைப் பிடித்து அழுத்தினார்.

8

திரும்பி வந்து ஆய்வுகூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவி சும்மா இருந்தபோது ரிஸ்மியா எல்லாவற்றையும் அளந்தாள். ஹனா பக்கத்தில் இருந்து சரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பிறகு பாடசாலை நேரத்துக்குக் காணொளியில் அழைத்தோம். அதற்காக நாங்கள் விடியவே எழும்பவேண்டியிருந்தது. திரையில் ஒரு வகுப்பு முழுக்க நெருக்கிக்கொண்டு நின்றது.

முடிவுகளைத் தானே சொல்வதாக ஹனா சொன்னாள். தமிழில்தான். ஒரு கிழமையாக அதற்கு ஒத்திகை நடந்தது. சுண்ணாம்பு, சோக்கு, செங்கல் என்று ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில் சப்னாவின் முறை.

"சப்னா, உன்ட சாம்பலில இருக்கிறது சிலிக்கா. அதின்ட மேடு பெரிய மேடு. சில நட்சத்திரங்களச் சுத்தி இருக்கிற தூசிலயும் சிலிக்கா இருக்கு. அங்கயும் இப்பிடித்தான் மேடு வரும். உம்மா ரெண்டு கோட்டையும் எனக்குக் காட்டினா."

சப்னா முன்னால் வந்தாள். திரை முழுக்க அவள் முகம்தான் தெரிந்தது. உண்மையாகவா என்று கேட்டாள். உண்மையாக, என்றாள் ஹனா.

"அந்தச் சாம்பலாலதான் எங்கட உம்மா கறிச்சட்டி தேய்க்கிறா" என்றாள் சப்னா.

முதலில் சிரித்தது ரிஸ்மியா. பிறகு அந்தப் பக்கம் வகுப்பே வெடித்தது. ஹனா சிரித்த சிரிப்பில் தொலைபேசி கைநழுவி, உட்கார்ந்திருந்த கதிரைக்குக் கீழே போய்விட்டது. அவள் அதை எடுக்கக் குனிந்து, எடுக்கமுடியாமல் தரையிலேயே விழுந்து புரண்டாள். கதிரைக்குக் கீழிருந்து காத்தான்குடிப் பிள்ளைகளின் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.